சிக்னல் மேல் பழியைப் போட்டவர்

மச்சினன் வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று காலையில்தான் பல்செட்காரரின் மஞ்சள் விமானமும் வீட்டை விட்டுப் போனது. மச்சினனாவது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனான். பெட்டி, பாஸ்போர்ட், அக்காவின் அழுகை என்று ஒரு பயணத்துக்கு வேண்டியதெல்லாம் அவனுக்கு முறையாக நடந்தது. விமானம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துடைத்து வைத்த மாதிரி வானம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், பத்துப் பேர் பார்க்கப் பார்க்கப் போய்விட்டது.

பல்செட்காரர் என்றால் பல் டாக்டர் இல்லை. பல் டாக்டரின் மருத்துவமனைக்குப் பின்புறம், மாவு மில் போல வெள்ளைத் தூசி படிந்த ஓர் அறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்கிறவர். டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகில் பற்களை வரிசையாக நட்டு, ரோஸ் நிறத்தில் ஈறு வைத்து, பளபளவென்று தேய்த்துக் கொடுப்பார். பல்செட் சரியாகப் பொருந்திவிட்டால் டாக்டர் கைராசிக்காரர். பொருந்தாவிட்டால் செய்தவன் சரியில்லை. இவரும் சளைத்தவர் இல்லை. "அச்சு எடுத்தது சரியில்ல" என்று திருப்பி அனுப்புவார். இரண்டு பேருக்கும் நடுவில் நோயாளி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். வாழ்நாளில் பாதியை இந்தத் தொழிலில் கழித்தவருக்கு, தப்பு என்பது எப்போதும் பக்கத்து அறையில் நடப்பது என்ற எண்ணம் வந்ததில் ஆச்சரியமில்லை.

வாரத்தில் ஆறு நாள் பிறருடைய தாடையைக் குனிந்து பார்க்கிற மனிதருக்கு ஏழாவது நாள் நிமிர்ந்து பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அது, மூடிக்கிடந்த நூல் மில்லுக்குப் பின்னால் இருந்த பொட்டல். அதை ஒட்டி விமான நிலையத்துக்குப் போகும் பெரிய சாலை. ஞாயிறு காலைகளில் அந்தப் பொட்டலில் ஒரு கூட்டம் சேரும். எல்லோரும் குழந்தை குட்டி உள்ளவர்கள், வேலைவெட்டி உள்ளவர்கள். கையில் ஆளுக்கொரு சின்ன விமானம். அவரவர் வீட்டில் அதற்குப் பெயர் பொம்மை. பொட்டலில் அந்த வார்த்தையைச் சொன்னால் அடிதடி ஆகிவிடும்.

விமானத்தின் வயிற்றுக்குள் ஒரு சின்னக் காது உண்டு. தரையில் நிற்பவர் கையில் ரேடியோ பெட்டி. பெட்டியில் இரண்டு குச்சிகள், இழுத்து நீட்டும் ஏரியல் ஒன்று. குச்சியை இடப்பக்கம் தள்ளினால் பெட்டி அதைச் சொல்லும், மேலே காது கேட்கும், விமானம் இடப்பக்கம் திரும்பும். கையை எடுத்துவிட்டால் குச்சி நடுவுக்கு வந்து நிற்கும், விமானம் தன் பாட்டுக்கு நேராகப் போகும். அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஒரே ஒரு சங்கடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சேனல் எண் இருந்தது. ஒரே எண்ணில் இரண்டு பெட்டிகள் பேசினால், எது எஜமானனுடைய பேச்சு என்று விமானத்துக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கிறவன் சொல்வதைத்தான் கேட்கும். வயதுப் பிள்ளைகள் மாதிரி.

இதற்காக மில் சுவரில் ஒரு பலகை தொங்கியது. பலகையில் துணி காயப்போடுகிற கிளிப்புகள். ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு சேனல் எண். உங்கள் எண்ணுள்ள கிளிப்பை எடுத்து உங்கள் ஏரியலில் மாட்டிக்கொண்ட பிறகுதான் பெட்டியை ஆன் செய்யலாம். பலகையில் கிளிப் இல்லையென்றால் அந்த எண்ணில் வேறு யாரோ பறக்கவிடுகிறார் என்று அர்த்தம், பேசாமல் உட்கார வேண்டியதுதான். கிளிப் இல்லாமல் பெட்டியை ஆன் செய்வது அங்கே கொலைக்குச் சமம். மேலே போய்க்கொண்டிருக்கும் இன்னொருவர் விமானம் கல் மாதிரி விழும். "பெட்டி யாருதோ பாவம் அவனுது" என்பது அந்தப் பொட்டலின் சட்டம். அதை இயற்றியவர் கூட்டத்தின் தலைவர், ஒரு மருந்துக்கடைக்காரர். மாத்திரை அட்டையைக்கூட ஓரம் கோணாமல் வெட்டிக் கொடுப்பவர்.

இப்படிப்பட்ட ஒழுங்கான கூட்டத்தில் பல்செட்காரருக்கு வைத்த பெயர் "சிக்னல்".

அவர் விமானத்தை வெயிலுக்கு நேரே விட்டுவிட்டுக் கண் கூசித் தரையில் குத்துவார். "சிக்னல் போச்சு." இறங்கும்போது இடது வலது குழம்பி வேலியில் சொருகுவார். "சிக்னல் போச்சு." ஒருமுறை சார்ஜ் ஏற்ற மறந்துபோய், ஏறிய வேகத்தில் இறங்கியது. அதற்கும் அதே பதில்தான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்றால், இவருக்கு ஆகாயமே கோணல்.

கூட்டத்தில் ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். கூட்டத்தின் ஒரே பெண்மணி. பறக்கவிடுவதிலும் பேசுவதிலும் குறி தப்பாதவர். பல்செட்காரரின் விமானம் மைதானத்து ஓரத்து மரத்தில் போய் உட்கார்ந்த அன்று அவர் சொன்னார்:

"அந்த மரத்துக்குச் சிக்னல் நல்லா கெடைக்குது போல சார். எவ்வளவு பாந்தமா போய் ஒக்காந்துச்சு பாருங்க."

"சிரிங்க டீச்சர், சிரிங்க. உங்களுக்கு ஒரு நாள் போகும், அப்ப தெரியும்."

"எனக்குப் போனா நான் போச்சுன்னு சொல்லிட்டுப் போறேன். உங்களுக்கு வாரா வாரம் போகுதே, அதான் கேக்குறேன். சிக்னலுக்கு உங்க மேல மட்டும் என்ன கோவம்?"

பல்செட்காரர் அதற்குள் மரத்தில் பாதி ஏறியிருந்தார்.

வீட்டிலும் அந்தப் பெயர் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. மனைவி சமையலறையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டும் அவர் நிமிரவில்லை என்றால், மூன்றாவது தடவை கரண்டியோடு வந்து நிற்பாள். "என்னங்க, இங்கயும் சிக்னல் இல்லையா?" அவளுக்கு விமானம் என்றால் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டு பசை நாற்றம் அடிக்கும் ஒரு சாமான். ஒரு நாளும் பொட்டலுக்கு வந்ததில்லை.

அந்த வீட்டில் அவர் பேச்சை ஆவலாகக் கேட்டது மச்சினன் ஒருவன்தான். ஏசி மெக்கானிக். அக்காள் வீட்டோடு வளர்ந்தவன். சின்ன வயதில் விமானத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறான். வேலை கிடைத்து வெளிநாடு போகிறான் என்று தெரிந்ததும் பல்செட்காரருக்குப் பிரிவு கஷ்டமாக இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல், அலமாரியிலிருந்த தன் இரண்டாவது ரேடியோ பெட்டியை எடுத்துத் துடைத்தார்.

கிளம்புகிற அன்று காலை, வீடே இரண்டுபட்டுக் கிடந்தபோது, அதைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இந்தா மாப்ள. பிளேன் அங்க வாங்கிக்கோ. பெட்டி நம்மளுதா இருக்கட்டும்."

"அத்தான், இது உங்க சேனல்தானே? ரெண்டும் ஒண்ணுல?"

"அதனால என்ன? நீ கடல் தாண்டி இருக்கப்போற. நாம ரெண்டு பேரும் ஒரே சேனல்ல இருந்தா யாருக்கு இடிக்குது? ராத்திரி பூரா சார்ஜ் போட்டிருக்கேன். பாரு."

சுவிட்சைத் தள்ளிப் பச்சை விளக்கு எரிவதைக் காட்டினார். ஒரு குச்சியைப் பாதிக்கு ஏற்றி, பெட்டியின் மீட்டரில் முள் எழும்புவதைக் காட்டினார். வாசலில் டாக்சி ஹாரன் அடித்தது. மனைவி உள்ளிருந்து கத்தினாள்.

"அந்தக் கருமத்த இப்ப எங்கங்க வைக்கிறது? பையில எடமே இல்ல!"

"நீ தொடாத. எனக்கு வைக்கத் தெரியும்."

தோள்பையைத் திறந்து, இரண்டு துண்டுகளுக்கு நடுவே பெட்டியைப் பதமாகச் சொருகி, முழங்காலால் அழுத்தி ஜிப்பை இழுத்தார். பல் டாக்டர்கள்கூட அவ்வளவு பதமாக எதையும் வைத்ததில்லை. பிறகு, "நான் முன்னாடி போறேன். மில்லுகிட்ட வர்றப்போ மேல பாருங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

"ஏர்போர்ட்டுக்கு வரலையா? என் கூடப் பொறந்தவன் போறான், நீங்க பொம்மை விடப் போறீங்களா?" என்று மனைவி கேட்டது ஸ்கூட்டர் சத்தத்தில் காதில் விழவில்லை, அல்லது விழுந்தது.

அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது. டாக்சி பொட்டலைக் கடக்கும்போது, சாலையோரமாக விமானத்தைக் கொண்டுவந்து, இரண்டு இறக்கைகளையும் இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்ட வேண்டும். பெரிய விமானிகள் விடைகொடுப்பது அப்படித்தான். கட்டிப்பிடித்து அழுவதைவிட அது கௌரவம்.

பொட்டலுக்கு வந்தார். கிளிப்பை எடுத்தார். ஏரியலில் மாட்டினார். டீச்சர்கூடக் குறை சொல்ல முடியாத அளவுக்கு ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். மஞ்சள் விமானம் அழகாக எழும்பியது. சாலைக்கு மேலே வட்டமடித்துக் காத்திருந்தது. தூரத்தில் டாக்சி தெரிந்தது. நேராக வந்தது. விமானத்துக்குக் கீழே வந்தது. பல்செட்காரர் குச்சியை இடது, வலது, இடது என்று ஆட்டினார்.

விமானம் ஆடவில்லை.

இன்னும் பலமாக ஆட்டினார். அது ஒருமுறை உடம்பை உதறியது. பிறகு தலையை நிமிர்த்தி, யாரோ நூல் பிடித்து விட்டது போல, சாலைக்கு நேர் மேலே, டாக்சியின் பின்னாலேயே போகத் தொடங்கியது. பசுவின் பின்னால் கன்று போவது மாதிரி. பல்செட்காரர் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சாலைவரை ஓடினார்.

"யாரோ என் சேனல்ல இருக்காங்க! அணைங்கய்யா! யாருன்னு பாருங்க, அணைங்க!"

மருந்துக்கடைக்காரர் உடனே பலகையைப் பார்த்தார். அந்த எண்ணுக்கு ஒரே கிளிப், அது இவர் ஏரியலில்தான் இருந்தது. டீச்சர் மைதானத்திலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் அணைந்து கிடந்தன. அதற்குள் மஞ்சள் புள்ளி, சாலை திரும்பும் பாலத்துப் பக்கம் சின்னதாகிக் காணாமல் போனது.

"போயிடுச்சா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"சிக்னல் போச்சு" என்றார் பல்செட்காரர். அவர் வாழ்க்கையில் முதன்முறையாக அது உண்மை.

எல்லோரும் அது போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு டீச்சர் மெதுவாகச் சொன்னார். "ஆனா ஒண்ணு. அவ்வளவு நேரா இவர் ஒரு நாளும் ஓட்டினதில்ல."

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. புலி வருது, புலி வருது என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கத்தியவர், நிஜப் புலியைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு நின்றார்.

அன்று பாலத்துக்கு அப்பால், புதர்க்காட்டில், இருட்டும்வரை தேடினார். ஓர் இறக்கைகூடக் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகச் செருப்பைக் கழற்றினார்.

"என்னங்க," என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. "நாங்க பார்த்தோம்."

"என்ன பார்த்தீங்க?"

"உங்க பிளேன. பாலம் வரைக்கும் எங்க பின்னாடியே வந்துச்சே. தம்பி கண்ணாடிய எறக்கிட்டுத் தலைய வெளிய நீட்டிப் பார்த்துக்கிட்டே வந்தான். நாங்க பாலத்துல திரும்பிட்டோம், அது நேரா மேல போயிடுச்சு. திரும்பி வராதுன்னு தெரிஞ்சும் விட்டீங்களா அவனுக்காக?"

பல்செட்காரர் வாயைத் திறந்தார். இந்த வீட்டில், இத்தனை வருஷத்தில், அவருடைய விமானத்தைப் பற்றி யாரும் இந்தக் குரலில் பேசியதில்லை. சிக்னல் போச்சு என்று சொன்னால் இந்தக் குரலும் போய்விடும்.

"ம்," என்றார்.

"எனக்குத் தெரியும். வெளிய காட்டிக்க மாட்டீங்க." அவள் எழுந்து போய்த் தட்டை எடுத்து வைத்தாள். தன் பங்கிலிருந்தும் எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

அன்றிலிருந்து அந்த விமானம் எப்படிப் போயிற்று என்ற பேச்சை அவர் வீட்டில் எடுக்கவே இல்லை. கிடைத்ததைக் கெடுத்துக்கொள்ள அவர் என்ன பைத்தியமா?

வீட்டில் கழுத்தில் மாலை விழுந்தது. மைதானத்தில் விசாரணை வந்தது. அடுத்த ஞாயிறு, மில் சுவரோரம் எல்லோரும் நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இங்க பாருங்க சார். பிளேன் ரோட்டு மேல போயிருக்கு. எவன் தலையிலயாவது விழுந்திருந்தா, மில்லுக்காரங்க நம்ம எல்லாரையும் வெளிய தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பாங்க. என்ன ஆச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

"சத்தியமா சிக்னல்தான். வேற ஏதோ பெட்டி..."

"எந்தப் பெட்டி? எல்லாப் பெட்டியையும் டீச்சர் பார்த்தாங்க."

"வெளியில எங்கயோ..."

"ஆகாயத்துலேருந்தா?" என்றார் டீச்சர்.

மருந்துக்கடைக்காரர் கையைக் காட்டி அடக்கினார். சிரிக்காமல் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. "உங்க தப்புன்னா சொல்லுங்க. தப்பு யாருக்கும் வரும். ஒரு மாசம் உக்காந்து பாருங்க, அப்புறம் வந்து விடுங்க. இல்ல, சிக்னல்தான்னு சொல்றீங்களா? அப்ப உங்க கையில எது இருந்தாலும் எப்ப வேணா எங்க வேணா போகும்னு அர்த்தம். அந்த மாதிரி ஆளை நான் எப்படி சார் உள்ள விடுவேன்? இனிமே வராதீங்கன்னுதான் சொல்ல முடியும்."

பல்செட்காரர் யோசித்தார். உண்மையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஏழாவது நாளும் தாடையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பொய் சொன்னால் ஒரு மாதம். இவ்வளவு காலம் பொய் சொன்னபோதெல்லாம் சிரித்தார்கள். இப்போது உண்மை சொன்னதற்குத் துரத்துகிறார்கள். இனி என்ன மரியாதை மிச்சமிருக்கிறது?

"என் தப்புதான்," என்றார்.

யாரோ இருமினார்கள்.

ஆரம்பித்தபிறகு நிறுத்த முடியவில்லை. "மச்சினன் போறானேன்னு மனசு சரியில்ல. கண்ணு கலங்கிடுச்சு. டாக்சியையே பார்த்துக்கிட்டு நின்னுட்டேன், பிளேன பார்க்கல. குச்சியிலேருந்து கை எடுத்துட்டேன் போல. அது நேரா போயிடுச்சு. பார்க்கும்போது ரொம்பத் தூரம். சிக்னல் எல்லாம் ஒண்ணுமில்ல."

வாழ்நாளில் எத்தனையோ பல்செட் செய்திருந்தார். ஏதாவது ஓர் இடத்தில் இடிக்கும், தேய்க்க வேண்டியிருக்கும். இந்தப் பொய் மட்டும் முதல் தடவையே எல்லோர் வாயிலும் கச்சிதமாகப் பொருந்தியது. விமானம் நேராகப் போனதற்குக்கூட அதில் விளக்கம் இருந்தது. டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். மருந்துக்கடைக்காரர் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு மாசம் வேண்டாம் சார். அடுத்த வாரமே வாங்க."

அதோடு "சிக்னல்" என்ற பெயர் செத்தது. முதலில் டீச்சர்தான் "சத்தியம் சார்" என்று கூப்பிட்டார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. போகப் போகக் கிண்டல் உதிர்ந்து பெயர் மட்டும் நின்றது. புதிதாக வருகிறவர்களிடம் அவரைக் காட்டி, "பாருங்க, இவர்தான். எல்லார் முன்னாடியும் நின்னு ஒத்துக்கிட்டவர்" என்பார்கள். கிளிப் பலகையை அவர் பொறுப்பில் விட்டார்கள். அவரும் அந்த வேலையைக் கோயில் கட்டுவது மாதிரி செய்தார். யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்துவார்.

"பையைத் திறங்க. பெட்டி ஆஃப்ல இருக்கான்னு பார்க்கணும்."

"அணைச்சுட்டுத்தான் சார் வந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. திறங்க. பெட்டி யாருதோ பாவம் அவனுது."

ஊரில் உள்ளவர்கள் பையையெல்லாம் அவர் திறந்து பார்த்தார்.

ஆனால் அவருக்கு மட்டும் தெரியுமே, அன்று போனது சிக்னல்தான் என்று. எங்கோ ஒரு பெட்டி, எவனோ ஒரு பாவி. அந்தப் பாவியைத் தேடுவதை அவர் விடவே இல்லை. வாரநாட்களில் வேலை முடிந்ததும் சாலையோரம் ஒரு நடை போவார். மில்லுக்கு எதிரே எடைமேடை இருந்தது. அங்கே வயர்லெஸ் இருக்கிறதா என்று கேட்டார். எடைமேடைக்காரர், தன்னிடம் இருப்பது ஒரு தராசும் ஒரு விசிறியும்தான் என்றார். கொஞ்சம் தள்ளி ஒரு விருந்து மண்டபம். அங்கே பாடகர்கள் கையில் வைத்துப் பாடும் கம்பியில்லா மைக்கின் மேல் சந்தேகம் விழுந்தது. ஞாயிறு காலையில் மண்டபம் பூட்டியிருக்கும் என்று காவலாளி சொன்னார். கடைசியில் ஒரு நாள் டாக்சி ஸ்டாண்டுக்கே போய், அன்று மச்சினனை ஏற்றிப்போன டிரைவரைத் தேடிப் பிடித்தார்.

"அண்ணே, உங்க வண்டியில வயர்லெஸ் இருந்துச்சா?"

"என் வண்டியில ரேடியோவே பாடாது சார். ஹாரன் மட்டும்தான் அடிக்கும். ஏன்?"

"ஏதாவது கருவி? கரண்டு சாமான்?"

"வண்டியில இருந்தது நானும் உங்க வீட்டு ஆளுங்களும்தான். அவங்க பையெல்லாம் பின்னாடி இருந்துச்சு. ஒரு பையை மட்டும் அந்தத் தம்பி மடியிலயே வச்சுக்கிட்டு வந்துச்சு. அவ்வளவுதான்."

பல்செட்காரர் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார். ஆதாரத்தைக் கையால் தொட்டும் அதைப் பிடிக்காமல் விட்டுவிட்டார். டாக்சியும் இல்லை என்று முடிவுகட்டி, பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தை பிறந்த வீட்டில், தொட்டில் பக்கத்தில் வைக்கும் கருவி ஏதாவது இருந்ததா என்று விசாரிக்கக் கிளம்பினார்.

இதற்கு நடுவே காலம் தன் வேலையைச் செய்தது. பல்செட்காரர் பல்செட் போட்டுக்கொண்டார். அவரே செய்தது, இடித்தது, அச்சு எடுத்த டாக்டரைத் திட்டினார். மச்சினன் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளைகள் பெற்று, போனில் சிரிக்கும் முகமாக ஆனான். விமானம் பறக்கவிட்டாயா என்று ஒருமுறை கேட்டதற்கு, "இடமே இல்ல அத்தான்" என்றான். மனைவி, வருகிறவர்களிடமெல்லாம், தம்பிக்காக இவர் விமானத்தையே அனுப்பிய கதையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் விமானம் கொஞ்சம் கூடுதல் தூரம் போனது. அவர் பக்கத்து அறையில் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

பிறகு புது ரேடியோ பெட்டிகள் வந்தன. அவை தமக்குள் தாமே பேசி, காலியாக இருக்கும் சேனலைத் தாமே பிடித்துக்கொண்டன. பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஆன் செய்தாலும் ஒன்றின் பேச்சு இன்னொன்றின் காதில் விழாது. சிக்னல் போவது அநேகமாக நின்றது. விழுவது நிற்கவில்லை. "பேட்டரி போச்சு" என்று இப்போது சொன்னார்கள். கிளிப் பலகை மட்டும் சுவரில் வெறுமனே தொங்கியது. யாருக்கும் அதைக் கழற்ற மனம் வரவில்லை, ஒரு நாள் ஆணியே துருப்பிடித்து விழும்வரை.

விழுந்ததும் மருந்துக்கடைக்காரர் ஒரு முடிவு செய்தார். பலகையைத் துடைத்து, கிளிப்புகளுக்குப் புது வர்ணம் பூசி, ஒரு ஞாயிறு காலை எல்லோரையும் மில் சுவரோரம் கூட்டினார். அன்று விசாரணை நடந்த அதே இடம். இப்போது அவருக்கும் முடி நரைத்திருந்தது, ஆனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வதில் மாற்றமில்லை.

"இந்தப் பலகைய சத்தியம் சார்கிட்டதான் கொடுக்கணும். நம்ம சட்டம் என்ன? பெட்டி யாருதோ பாவம் அவனுது. சொல்றது சுலபம். தன் பெட்டி, தன் கை, தன் தப்புன்னு நின்னு சொன்னது இவர் ஒருத்தர்தான்."

கைதட்டினார்கள். டீச்சர் பலமாகத் தட்டினார். பல்செட்காரர் பலகையை மார்போடு அணைத்து வாங்கிக்கொண்டார். அவருக்குக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு நல்ல மனிதர்களை இவ்வளவு காலம் ஏமாற்றிவிட்டோமே, ஒரு நாளாவது அந்தப் பாவியைக் கண்டுபிடித்து, இவர்கள் முன்னால் நிறுத்தி, என் தப்பு இல்லை, இதோ இவனுடையது என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

"ரெண்டு வார்த்தை பேசுங்க சார்," என்றார்கள்.

தொண்டையைச் செருமினார். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சேதி மச்சினனிடமிருந்து. "ஒரு நிமிஷம், வெளிநாட்டுலேருந்து" என்று சொல்லிவிட்டு, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"அத்தான், நல்லா இருக்கீங்களா? நாங்க வீடு மாத்துறோம். சாமான் கட்டும்போது அன்னைக்கு நீங்க கொடுத்த ரேடியோ பெட்டி கெடைச்சுது. ஒரு தடவகூட விடல, கோவிச்சுக்காதீங்க. அதப் பார்த்ததும் சிரிப்பு வந்துடுச்சு. அன்னைக்கு ஏர்போர்ட் வாசல்லயே என் பையைப் பிடிச்சுட்டாங்க. திறந்தா துண்டுக்கு நடுவுல உங்க பெட்டி, பச்சை லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. காலையில எனக்குப் போட்டுக் காட்டினீங்களே, அணைக்காமலே உள்ள வச்சுட்டீங்க போல. இது என்ன, யாருதுன்னு கேட்டு என்னை வறுத்து எடுத்துட்டாங்க. அக்காதான், அவர்கிட்ட சொல்லாதடா, சார்ஜ் வீணாப்போச்சேன்னு ஒரு மாசம் புலம்புவாருன்னு சொன்னா. இப்ப சொல்லலாம்ல? இன்னொண்ணும் ரொம்ப நாளா கேக்கணும்னு. உங்க மஞ்சள் பிளேன் பாலம் வரைக்கும் எங்க டாக்சி பின்னாடியே கொஞ்சம்கூட ஆடாம வந்துச்சே. அவ்வளவு நேரா எப்படி அத்தான் ஓட்டினீங்க?"